கால் நனையாமல் மீன் பிடிக்க...

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேடர்ஸ் பற்றித்தான். மார்பு வரை ஏறுகிற, தண்ணீர் புகாத காற்சட்டை அது. 'வேடர்' என்றதும் கண்ணப்ப நாயனார் நினைவுக்கு வருகிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரட்டும். அவர் செருப்புக் காலோடு போனார். நம் வாசகர்கள் காலணிக்கு ஃபெல்ட் (அழுத்திய நார்) அடியா ரப்பர் அடியா என்று கேட்கிறார்கள்.

ஏப்ரலில் ட்ரவுட் மீன் சீசன் திறக்கும்போது போர்ட் ஹோப் பக்கம் கனராஸ்கா ஆற்றில் இறங்க ஆசை. கடையில் நியோப்ரீன் என்று ஒன்று, 'ப்ரீத்தபிள்' என்று ஒன்று. பூட்ஸ் ஒட்டியது, ஒட்டாதது என்று வேறு. முதன்முதலாக வாங்குகிறேன், எதை எடுக்க?
*வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ*

பூட்ஸ் விஷயத்தை முதலில் முடித்துக்கொள்வோம். பூட்ஸ் ஒட்டியே வருவதில் காலை விட்டால் வேலை முடிந்தது. லேஸ் இல்லை, அது பனியில் உறைவதுமில்லை. ஏரிக்கரையிலோ மணலிலோ நின்ற இடத்தில் நின்று தூண்டில் போடுகிறவருக்குப் பொருத்தம். ஆனால் உள்ளே கால் ஆடும், கணுக்காலுக்குப் பிடிப்பு இருக்காது. உருளைக்கல் மேல் நாள் முழுக்க நடக்கிறவர் ஒட்டாததை எடுப்பதே நல்லது. அதில் கால் பகுதி நியோப்ரீன் காலுறையாக முடியும். அதற்கு மேல் தனியாக ஆற்றுக் காலணியை மாட்டி லேஸ் இழுத்துக் கட்டலாம். ஒன்று தேய்ந்தால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

துணிக்கு வருவோம். நியோப்ரீன் என்பது காற்றுக்குமிழ் அடைத்த ரப்பர்; பெரும்பாலும் 3.5 மி.மீ. அல்லது 5 மி.மீ. தடிமனில் வரும். தானாகவே சூடு காக்கும், இழுத்தால் நீளும், முள் குத்தினால் ஒட்டுப்போடுவதும் சுலபம். ஆனால் வியர்வை வெளியேற வழியே கிடையாது. கார் நிறுத்திய இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் உள்ளே நீராவிக் குளியல்தான். ப்ரீத்தபிள் துணியில் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். நீர்த்துளி அதற்குள் புகாது, உடம்பின் நீராவி மட்டும் வெளியே போகும். அதற்கென்று சூடு கிடையாது. சூடு வேண்டுமென்றால் உள்ளே போடுகிற உடுப்பில் தேடிக்கொள்ள வேண்டும்.

ஒன்டாரியோவில் ட்ரவுட் திறப்பு ஏப்ரல் 4-வது சனிக்கிழமை. அப்போது ஆற்றில் ஓடுவது பனி உருகிய தண்ணீர். செப்டம்பரில் சால்மன் ஏறும்போது அதே இடத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பீர்கள். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றால் ப்ரீத்தபிள்தான் சரி. ஏப்ரலுக்கு உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ, அதன் மேல் ஃப்ளீஸ் பேன்ட். செப்டம்பருக்கு மெல்லிய ஒன்று மட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவைத்துக் காலைக் குளிர்விக்கும். போதாததற்கு அதன் தடித்த தையலும் செப்பு ரிவெட்டும் முட்டியிலும் பின்புறத்திலும் சவ்வை உள்ளிருந்தே உரசித் தின்றுவிடும்.

கடையில் 'எத்தனை லேயர்' என்று கேளுங்கள். மேலே 3 அடுக்கு, தொடைக்குக் கீழே 4 அல்லது 5 அடுக்கு என்றிருந்தால் நல்லது. முள்ளும் பாறையும் உரசுவது முட்டிக்குக் கீழேதான். பிவிசி பூசிய மலிவு வேடர்ஸ் குளிரில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். ஒரு சீசன் பழகிப் பார்க்க அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் தொகை குறைவென்றால் வேடர்ஸில் ஒரு படி இறங்குங்கள், காலணியில் இறங்காதீர்கள். வேடர்ஸ் ஒழுகினால் கால் நனையும், அவ்வளவுதான். காலணி வழுக்கினால் ஆள் விழுவார்.

சுற்றிலும் பாசி படிந்து, நடுவே பாய் அளவுக்குக் கழுவி வைத்தது போல் வெளிறிய சரளைத் திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். அது மீன் முட்டையிட்ட குழி. உங்கள் ஒரு மிதிக்கு எத்தனை குஞ்சு போகும் என்று எண்ணிப் பார்க்க முடியாது.

எனக்குக் கால் குட்டை, வயிறு பெரிது. எந்த அளவு போட்டாலும் ஒரு இடத்தில் தொங்குகிறது, ஒரு இடத்தில் பிடிக்கிறது.
*வாசகர், பிராம்ப்டன்*

உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பாமல் மூன்று அளவு எடுங்கள்: கவட்டையிலிருந்து தரை வரை, மார்பு அல்லது வயிறு எது பெரிதோ அதன் சுற்றளவு, பாதம். மூன்றையும் குளிருக்குப் போடப்போகும் உடுப்பின் மேல்தான் எடுக்க வேண்டும். பல கம்பெனிகள் குட்டை, நெட்டை, 'கிங்' என்று கூடுதல் அளவுகள் வைத்திருக்கின்றன, பெண்களுக்குத் தனி வெட்டும் உண்டு. அளவு அட்டவணையை முழுதாகப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

போட்டுப் பார்க்கும்போது ஒரு காலை நாற்காலி மேல் வையுங்கள். பிறகு முழுதாகக் குந்துங்கள். கவட்டையோ முட்டியோ இழுத்தால் அந்தத் தையல் ஆறு மாதத்தில் வாய் திறக்கும். அதிகமாகத் தொங்கினாலும் கெடுதல்தான். நடக்கும்போது இரண்டு தொடைப் பக்கத் துணியும் ஒன்றோடொன்று உரசி, நாளடைவில் உட்பக்கத் தையலோரம் வரிசையாக ஊசித்துளை விழும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் சற்றுத் தொங்குவதையே எடுங்கள். தோள்வாரைச் சுருக்கலாம், இழுக்கிற தையலை யாராலும் நீட்ட முடியாது.

காலணியை வேடர்ஸின் காலுறையோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் அந்தத் தடிமனுக்கு இடம் விட்டே எண் போடுகின்றன, சில போடுவதில்லை. விரல்களை உள்ளே மடக்கி நீட்ட இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், எத்தனை கம்பளி போட்டாலும் கால் விறைக்கும்.

என்ர வேடர்ஸ் வாங்கி ரெண்டு வருஷம். ஒவ்வொரு முறையும் உள்ளுக்கு ஈரமாக் கிடக்குது. வெளியில ஒரு ஓட்டையும் தெரியேல்லை. எறியிறதோ, திருத்தலாமோ?
*வாசகர், ஒஸ்லோ*

எறிய வேண்டாம். முதலில் அது ஒழுகலா வியர்வையா என்று பாருங்கள். தொடை, கெண்டைக்கால் எல்லாம் பரவலாகப் பிசுபிசுத்தால் பெரும்பாலும் வியர்வை. பாதம் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஈரம் என்றாலும் வியர்வையே. கால் பகுதி நியோப்ரீன், அது மூச்சு விடாது. ஒரே காலில், ஒரே இடத்தில், சில்லென்று ஈரம் என்றால்தான் ஒழுகல்.

சந்தேகம் தீர ஒரு வழி: குளியல் தொட்டியில் முட்டி வரை தண்ணீர் விடுங்கள். காலுறைக்குள் டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்து, வேடர்ஸ் போட்டு 20 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அசையாமல் நின்றால் வியர்க்காது. தாள் எங்கே நனைந்ததோ அங்கேதான் துளை.

வெளித்துணியையும் பாருங்கள். புதிதில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியிருக்கும். இப்போது துணி நீரைக் குடித்து நிறம் அடர்ந்து ஒட்டிக்கொள்கிறதா? மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். சவ்வு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மேலே ஈரப் போர்வை படிந்திருப்பதால் ஆவி வெளியேற முடியாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகும். இரண்டு வருடம் ஆனவை பலவற்றில் நடப்பது இதுதான். கழுவி மறுபூச்சுப் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

உண்மையிலேயே துளை என்றால், உங்களுடையது கோர்டெக்ஸ் என்ற பிராண்டின் சவ்வு உள்ள வகையா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பான் போத்தலில் ஊற்றிக்கொள்ளுங்கள். வேடர்ஸைக் காயவைத்து உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, ஒரு முழம் ஒரு முழமாகத் தெளித்துக்கொண்டே போங்கள். நல்ல துணி ஒரே சீராக நனையும். துளை உள்ள இடத்தில் மிளகளவு கரும்புள்ளி சட்டென்று எழும்பும். உடனே பால்பாயின்ட் பேனாவால் வட்டமிடுங்கள். ஆல்கஹால் ஆவியானதும் புள்ளி மறைந்துவிடும், பிறகு தேடினால் அகப்படாது. சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது.

மற்ற துணிகளில் இந்த வித்தை பலிக்காது. வேடர்ஸின் வாயைப் பற்பசைக் குழாய் சுருட்டுவது போல் மேலிருந்து சுருட்டிக் காற்றைக் கால்களுக்குள் தள்ளி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். உட்புறம் திருப்பித் தண்ணீர் நிரப்பி எங்கே கசிகிறது என்றும் பார்க்கலாம். ஆனால் தோள்வாரில் தொங்கவிட்டு நிரப்பாதீர்கள். தொடை வரை நிரப்பினால் ஒரு காலுக்கே 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அந்தக் கனத்தில் இருக்கிற தையலும் பிரியும். தொட்டிக்குள் கிடத்தி, முட்டி வரை மட்டும் நிரப்புங்கள்.

ஒட்டுவதற்கு அக்வாசீல் போன்ற யூரித்தேன் பசை வேண்டும். சூப்பர் குளூ இறுகிக் கண்ணாடி போலாகி, மடிக்கும்போது உடைந்துவிடும். இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, வட்டத்தின் நடுவில் ஒரு சொட்டு வைத்து, பழைய வங்கி அட்டையின் ஓரத்தால் ஒரு காசு அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்புங்கள். தடித்துப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும். ஓர் இரவும் ஒரு பகலும் தொடாமல் விட வேண்டும். குளிரான அறையில் இன்னும் நேரம் பிடிக்கும். கிழிசல் அரை அங்குலத்துக்கு மேல் என்றால் பசை மட்டும் நிற்காது, உள்ளே அதே துணியில் ஒட்டு வைத்துப் பூசுங்கள். திறந்த பசைக்குழாய் அலமாரியில் ஒரு மாதத்தில் கல்லாகும். மூடி இறுக்கி ஃப்ரீசரில் போட்டால் நாள்படும். ஐஸ்க்ரீம் பக்கத்தில் வைத்தால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

ஆற்றங்கரையிலேயே துளை விழுந்தால் வெயிலில் உறையும் யூவி பசை இருக்கிறது. மேகம் இல்லாத நாளில் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும்.

மீண்டும் காலுறைப் பகுதியிலேயே துளை விழுகிறது. ஏன்?
*வாசகர், மிசிசாகா*

சரளைக்கல். காலணிக்குள் புகுந்த ஒரு சிறு கல் நாள் முழுக்க நியோப்ரீனை அரைக்கிறது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் சரளைக் காப்பைக் காலணியின் மேல் இறக்கி, அதன் கொக்கியை லேஸில் மாட்டினீர்களா? பலர் மாட்டுவதில்லை. இரண்டாவது, கார் நிறுத்துமிடத்தில் வெறும் காலுறையோடு சரளை மேல் நிற்பது. ஒரு பழைய கார் மிதியடியையோ ரப்பர் பாயையோ பின்பெட்டியில் போட்டுவைத்து, அதன் மேல் நின்றே மாட்டுங்கள், கழற்றுங்கள். கழற்றும்போது ஒரு காலால் மற்றக் குதிகாலை மிதித்து இழுப்பதும் கூடாது. காலுறைத் தையல் அங்கேதான் பிரிகிறது. கால் நகத்தையும் வெட்டுங்கள்.

ஃபெல்ட் அடி, ரப்பர் அடி: எது வழுக்காது? அடுத்த வருடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போக எண்ணம்.
*வாசகர், கால்கரி*

பாசி படிந்த கல்லில் ஃபெல்ட்டை வெல்ல இன்னும் ஆள் இல்லை. நார் பாசியை ஊடுருவிக் கல்லைப் பிடிக்கும். ஆனால் ஈர மண் சரிவிலும் புல்லிலும் அது சறுக்கும். பனியில் நடந்தால் அடியில் பனி கட்டி கட்டியாக ஒட்டி, குதிகால் செருப்புப் போட்டவர் போல் தள்ளாட வேண்டிவரும்.

உங்கள் பயணத்துக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. இரண்டு இடத்திலும் ஃபெல்ட் தடை. நியூசிலாந்தின் தென் தீவில் 2004-ல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றடியில் அழுக்குக் கம்பளி விரித்தது போல் படரும் அது ஒரு துளித் தண்ணீரிலும் தொற்றிக்கொண்டு போகும். 2008-ல் அங்கே ஃபெல்ட் தடை வந்தது. அலாஸ்காவில் 2012, யெல்லோஸ்டோனில் 2018. ஃபெல்ட் நாள்கணக்கில் காயாது, அதுதான் குற்றம். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயமுமில்லை: வெர்மான்ட் மாநிலம் 2011-ல் தடை போட்டு 2016-ல் எடுத்துவிட்டது. ஆனாலும் கனடாவில் முதன்முதலாக ட்ரவுட்டின் சுழல் நோய் 2016-ல் பான்ஃபில், உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வித்துகள் சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே ஒட்டும் தன்மையுள்ள மென்ரப்பர் அடி, அதில் டங்ஸ்டன் கார்பைடு முனை ஆணிகள். ரப்பர் மட்டும் பாசிக்கல்லில் சோப்புக்கட்டி போல வழுக்கும், ஆணிதான் அதைக் காப்பாற்றுகிறது. நடுவில் குத்துவதில் பயனில்லை. அடியின் ஓரத்தைச் சுற்றியும் பெருவிரல் மேட்டுக்குக் கீழும் குதிகாலிலும் வையுங்கள். காலணிக் கம்பெனி சொல்லும் நீளத்தை மீறாதீர்கள், முனை உள்ளே ஏறிக் காலுறையைக் குத்தும். ஃபைபர் படகில் ஆணிக் காலணியோடு ஏறினால் படகுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

நோர்வேயில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அங்கே சால்மன் ஆற்றில் இறங்குவேன். லண்டன் திரும்பியதும் இதே உடுப்போடு இங்கே இறங்கலாமா?
*வாசகி, லண்டன்*

அப்படியே இறங்கக் கூடாது. 1970-களில் பால்டிக் பக்கத்திலிருந்து வந்த கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி நோர்வேயின் பல ஆறுகளில் சால்மனைத் துடைத்தெடுத்தது. மீனின் தோலில் ஒட்டும் அரை மில்லிமீட்டர் புழு அது. பிரிட்டனில் இன்னும் இல்லை. நோர்வேயிலேயே ஆற்றில் இறங்குமுன் கிருமிநீக்கம் கேட்பார்கள். அங்குள்ள நிலையத்தில் கட்டணம் செலுத்திச் செய்து சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் அதே வேலைதான்.

வீட்டில் செய்வதென்றால் சேறு, பாசித்துணுக்கு எல்லாம் தூரிகையால் எடுத்துவிட்டு, 45 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஜாம் காய்ச்சும் வெப்பமானி வீட்டிலிருந்தால் அதை வைத்துப் பாருங்கள், கையால் தொட்டுச் சொல்ல முடியாது. கொதிநீர் ஊற்றினால் தையல்மேல் ஒட்டிய பட்டை உரிந்துவிடும். பிறகு முழுதாகக் காயவிட வேண்டும். நியூசிலாந்துக்காரர் கணக்கு இன்னும் கறார்: தொட்டால் ஈரம் தெரியாத நிலைக்கு வந்த பிறகும் 48 மணி நேரம். காலணியின் நாக்கு, லேஸ் துளை, உள்மெத்தை ஆகியவற்றில் ஈரம் ஒளிந்திருக்கும். மெத்தையைக் கழற்றியே காயவையுங்கள்.

வாஷிங் மெஷினில் போடலாமா?
*வாசகர், வான்கூவர்*

உட்பட்டையில் கம்பெனி அனுமதித்திருந்தால் மட்டும், அதுவும் நடுவில் கம்பம் இல்லாத முன்வாய் மெஷினில். இல்லையென்றால் தொட்டியில் கையால். துணி சோப்புத்தூளும் மென்மையாக்கியும் ஆகாது. அவற்றின் எச்சம் துணியில் தங்கி நீரை வரவேற்கும். இதற்கென்றே உள்ள திரவ சோப்பு வாங்குங்கள். ஈரமாக இருக்கும்போதே மறுபூச்சைத் தெளித்து, கம்பெனி அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் சிறிது நேரம் விடுங்கள். சூடு பட்டால் பூச்சு மறுபடி விழிக்கும். நியோப்ரீனை டிரையர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வேடர்ஸில் தண்ணீர் நிறைந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்கிறார்களே?
*வாசகர், ஸ்கார்பரோ*

இழுக்காது. உள்ளே இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். நீருக்குள் அதற்குக் கனம் இல்லை. அமெரிக்கத் தூண்டில் வல்லுநர் லீ வுல்ஃப் இதைக் காட்டவே வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தார். ஆனால் கரையேறும்போது அத்தனை தண்ணீரையும் சுமக்க வேண்டும், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். இடுப்புப் பட்டியைத் தொளதொளவென்று கட்டாமல் மூச்சு விட இடம் வைத்து இறுக்கிக் கட்டினால் கால்களுக்குள் இறங்கும் நீர் வெகுவாகக் குறையும். பட்டி இல்லாமல் கணுக்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீர்கள்.

கொல்வது குளிர். மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: உறைகுளிர் நீரில் மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம் மட்டும், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். விழுந்தால் மல்லாந்து, பாதம் நீரோட்டத் திசையில் முன்னால் இருக்க, முட்டியைச் சற்று மடக்கி மிதந்துகொண்டே சாய்வாகக் கரைக்கு ஒதுங்குங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். உயிர்காப்பு உடுப்பு போட்டால் இத்தனையும் சுலபம்.

நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் பிடிக்க இதெல்லாம் வேண்டுமா?
*வாசகர், உதகமண்டலம்*

பெரும்பாலும் வேண்டாம். எச்.சி. வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சுபொரிப்பகம் வந்த காலத்திலிருந்து அங்கே ட்ரவுட் இருக்கிறது. ஓடைகள் சிறியவை, கரையிலிருந்தே பல குட்டைகளுக்கு எட்டலாம். இறங்கியே ஆக வேண்டுமென்றால் சீக்கிரம் காயும் செயற்கை இழை முழுக்காற்சட்டை, நியோப்ரீன் காலுறை, அதன் மேல் ஆற்றுக் காலணி போதும். கால் நனையும், ஆனால் காலுறைக்குள் புகுந்த நீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். அட்டைக் கடிக்கு முழுக்காற்சட்டை வேடர்ஸைவிட மலிவான பதில். ஆணி அடித்த காலணியும் ஊன்றுகோலும் அங்கேயும் அவசியம். மீன்வளத் துறை அனுமதி வாங்குவதை மறக்காதீர்கள்.

ஐந்து மாதம் பனிக்காலம். எப்படி எடுத்துவைப்பது?
*வாசகர், ஒட்டாவா*

கழுவி, உள்ளும் புறமும் தனித்தனியாகக் காயவைத்து, மடிக்காமல் தொங்கவிடுங்கள். இடமில்லை என்றால் தொளதொளவென்று சுருட்டுங்கள்; ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் சவ்வு விரியும். நீர்ப்புகா ஜிப் உள்ளதென்றால் அது கூர்மையாக மடங்கக் கூடாது. பலர் அறியாத எதிரி ஒன்று இருக்கிறது: மின்மோட்டார் ஓடும் இடத்தில் உண்டாகும் ஓசோன். உலை, ஃப்ரீசர் பக்கத்தில் வைத்த ரப்பரும் நியோப்ரீனும் நுண்ணிய வெடிப்பு கண்டுவிடும். காலணியை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், அடி ஒட்டிய பசை இளகி வாய் பிளக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றினால் போதும்.

வேடர்ஸ் போட்டபடியே கார் ஓட்டலாமா? இடம் மாற்றும்போது கழற்றச் சோம்பல்.
*வாசகர், பீட்டர்பரோ*

இருக்கை உரசிப் பின்புறத் தையல் போகும். பாக்கெட்டில் மறந்துபோன தூண்டில் முள் மேல் உட்காருவீர்கள். ஆணிக் காலணி பிரேக் பெடலில் வழுக்கும். கழற்றுங்கள்.